மேற்கு ஓடையருகே ஐந்து யானைகள்

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

நானும் நம் மகளும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதினால் நிம்மதியாக எழுதலாம். ஆனால் நீங்கள் பதில் எழுதி, அது சிறை அலுவலகத்தில் முத்திரை வாங்கி, இங்கே வந்து சேர மூன்று வாரமாகிறது. அதனால் நிம்மதி இல்லாமலேயே எழுதுகிறேன். உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம். போன கடிதத்தில் ‘சுண்டெலி’ என்ற சொல்லுக்கு அடியில் அவர் சிவப்புக் கோடு போட்டிருந்ததாக எழுதியிருந்தீர்கள். ஐயா, அது சுண்டெலிதான். பரணில் குடியிருக்கிறது. வேறு அர்த்தம் இல்லை.

வாலுவுக்கு முன்பற்கள் இரண்டும் முளைத்துவிட்டன. வாய் மட்டும் மூடுவதில்லை. வகுப்பில் பேசியதற்காக ஆசிரியை அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அங்கே இருப்பவர்களோடும் பேசுகிறாள் என்று மறுபடி முதல் வரிசைக்கே கொண்டுவந்துவிட்டார். அந்தப் பெயரை வைத்தது நீங்கள்தான், அனுபவிப்பது நான்.

இந்த வாரம் முழுக்கப் பனி. காலையில் கதவைத் திறந்தால் வயலைக் காணோம், வேலியைக் காணோம், காட்டைக் காணோம். வெள்ளையாக ஏதோ ஒன்று வாசற்படி வரைக்கும் வந்து படுத்திருக்கிறது. எட்டு மணிக்கு மேல்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். முதலில் கிணற்று மேடு, அப்புறம் மோட்டார் ரூம், அப்புறம் மக்காச்சோளத் தட்டைகளின் நுனி, கடைசியில் காடு. எல்லாம் வந்து சேர்ந்துவிட்டதா என்று தினமும் எண்ணிப் பார்க்கிறேன். தினமும் ஓர் ஆள் குறைகிறது.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பழைய விதைக் கிடங்கைச் சுத்தம் செய்து, ஒரு மேசையும் ஒரு போனும் போட்டு, சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். காட்டோரம் நடக்கும் காவலர்கள் யானைகளைப் பார்த்தால் எனக்குச் சொல்வார்கள். நான் வரைபடத்தில் ஊசி குத்திவிட்டு, போனில் ஒரு தரம் பேச வேண்டும். “மேற்கு ஓடையருகே ஐந்து யானைகள். அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம்.” அவ்வளவுதான். அது முந்நூறு வீடுகளுக்கு ஒரே சமயத்தில் போய்ச் சேர்கிறது. வயலோரத்தில் நட்டிருக்கும் மூன்று கம்பங்களிலும் சிவப்பு விளக்கு எரியும். முதல் நாள் பேசிவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யார் யார் வீட்டு அடுப்படியிலோ, யார் யார் சட்டைப் பையிலோ என் குரல் இருக்கிறது என்று நினைக்கக் கனவு மாதிரி இருந்தது. தெருவில் இப்போது என் பெயர் ‘யானை ரேடியோ’. காலையில் தண்ணீர் பிடிக்கப் போனால், “இன்னைக்குப் பாட்டு எதுவும் போடலியா?” என்று கேட்கிறார்கள்.

இன்னும் சில மாற்றங்கள் உண்டு. ஓடைக்கரையில் இருபது அடி அகலத்துக்கு யாரும் பயிர் வைப்பதில்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம். காட்டின் இந்தத் துண்டிலிருந்து அந்தத் துண்டுக்கு யானைகள் போக அது ஒன்றுதான் வழி. நாம் அதை உழுது அடைத்ததால்தான் வயலுக்குள் நுழைந்தன என்று வனச்சரகர் படம் போட்டுக் காட்டினார். நம் பங்கையும் விட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள். வயலோரம் கயிறு கட்டி, பத்தடிக்கு ஒன்றாகத் தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். கயிற்றில் இடித்தால் பெட்டி ஆடும், தேனீக்கள் கிளம்பும். அத்தனை பெரிய உடம்பு அந்தச் சத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. ஓரத்து நான்கு வரிசையில் மிளகாய் வைத்திருக்கிறேன். இதெல்லாம் மந்திரம் இல்லை. போன மாதம் கிழக்கு வீட்டுக்காரருக்கு நாற்பது வாழை போயிற்று. ஆனால் அந்த வாரமே நஷ்டஈட்டுக்கு ஆட்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். நம் காலத்தில் ஒரு வருஷம் அலைந்தோமே!

நம் வேலியில் அந்தப் பெண் யானை விழுந்து இரண்டு வருஷமும் நான்கு மாதமும் ஆகிறது. உங்களைக் கூட்டிக்கொண்டு போய் அதைவிட இரண்டு நாள் குறைவு. அடுத்த மாதம் வந்துவிடுவீர்கள். விடுதலைத் தேதியைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறாள் உங்கள் மகள்.

ஒரு கவலை மட்டும் சொல்ல வேண்டும். மாவு மில் அண்ணனின் காலை உடைக்காமல் வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பியில் மின்சாரம் விட்ட விஷயத்தைச் சரகரிடம் சொன்னது அவர்தான் என்று இன்னும் நினைக்கிறீர்கள். வரப்புத் தகராறு இருந்தது உண்மைதான். ஆனால் இந்த இரண்டு வருஷமும் நம் நிலத்தை உழுதவர் அவர். கூரை ஒழுகியபோது ஏறியவர் அவர். தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஏன் என்று எழுத இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

முதுகுக்குத் தலையணையை மடித்து வைத்துப் படுங்கள்.

என்றும் உங்கள் நினைவாகவே இருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி


சனிக்கிழமை, மதியம்

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

இருவரும் நலம். வாலுவுக்கு மட்டும் லேசான சளி. அது அவள் பேச்சைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

ஐந்து மணி இருக்கும். வெயில் போகவும் பனி இறங்கவும் சரியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம் வருமே, பழைய கண்ணாடி டம்ளரில் தேநீரைத் தூக்கிப் பார்ப்பது போல, அந்த நிறத்தில் இருந்தது வயல் முழுக்க. வாலு கிடங்கில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். காவலர் கூப்பிட்டார். “அக்கா, அஞ்சு பேரு. ஓடைப் பக்கம் எறங்குறாங்க.” அவர் எப்போதும் ‘பேரு’ என்றுதான் சொல்வார். நான் ஊசியைக் குத்தினேன், பேசினேன். விளக்குகள் சிவந்தன. தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் மாவு மில் நின்றது.

அந்த மில் ஓடும் சத்தத்தில்தான் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறோம் என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது. காதுக்குள் யாரோ விசாலமாக ஒரு கதவைத் திறந்த மாதிரி இருந்தது. யானை என்றால் முதல் ஆளாக வெடிக்கட்டோடு ஓடுவது மில் அண்ணன்தானே? அன்று அவர் சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்துவிட்டார்.

கிடங்கு ஜன்னலிலிருந்து நம் வயல் முழுக்கத் தெரியும். முதலில் ஒன்றும் இல்லை. பனிதான். அப்புறம் பனியில் ஓர் இடம் மட்டும் கொஞ்சம் கருத்தது. அந்தக் கருப்பு நகர்ந்தது. காலடிச் சத்தமே இல்லை. அவை நடந்து வந்தன என்று சொல்ல மனசு வரவில்லை. பனிதான் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவைத்தது போல இருந்தது. முன்னால் கூட்டத்தை நடத்தும் ஓட்டைக் காதுக்காரி. பின்னால் நால்வர். நாங்கள் விட்ட அந்த இருபதடி வழியில், வரிசையாக, பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் மாதிரி. ஒன்று மட்டும் கயிற்றுப் பக்கம் தும்பிக்கையை நீட்டியது. பெட்டி ஆடியது. சட்டென்று இழுத்துக்கொண்டு, அவமானப்பட்டதைப் போலத் தலையை உதறிவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டது. வாலு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நம் வயல் மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டன. அந்தப் பெண் யானையைப் புதைத்த இடம் அது. இப்போது அங்கே புல்தான் இருக்கிறது. அன்று அதன் வயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடித்ததே ஒரு குட்டி, அது வளர்ந்துவிட்டது. அது மட்டும் வரிசையை விட்டு வந்தது. தும்பிக்கையைப் புல்லின்மேல் வைத்தது. எடுக்கவில்லை. மற்ற நான்கும் சுற்றி நின்றன. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஊற்றிவைத்த தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே நின்றன. முந்நூறு வீட்டில் ஒரு வீட்டிலிருந்தும் ஒரு தகர டப்பா தட்டும் சத்தம்கூட வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் ஊர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போது வாலு சொன்னாள், “அதோட அம்மா இன்னும் தூங்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்மா அது.”

யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை அவள் விளையாட்டாகத் தொட்டுவிட்டாள். அவளுக்கு அது தெரியாது.

பிறகு ஓட்டைக் காதுக்காரி நகர்ந்தது. மற்றவையும் நகர்ந்தன. குட்டி கடைசியாகப் போனது. போகிற போக்கில் நம் மக்காச்சோளத்தில் இரண்டு வரிசை காலி. படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பனி மறுபடி மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மில் ஓட ஆரம்பித்தது. நடந்ததா, நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. வரைபடத்தில் ஊசி இருந்தது.

நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நாளை ஞாயிறு, கிடங்கில் வேறு ஆள் இருப்பார். நாளைக்கு எழுதுகிறேன், எழுத வேண்டியதை.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

நலம் விசாரித்து நேரம் கடத்தப்போவதில்லை. கடத்தினால் இன்றும் எழுதமாட்டேன். இதைப் படிக்கும் ஐயா, இந்தப் பக்கத்தை மட்டும் சீக்கிரம் படித்துவிட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள். இது எங்கள் வீட்டு விஷயம்.

சரகரிடம் சொன்னது நான்.

கடிதத்தைக் கீழே வைக்காதீர்கள். மீதியையும் படியுங்கள்.

அன்று விடிகாலையும் இதே பனி. நீங்கள் வாரக்கணக்காக வயல் பரணில் காவல் இருந்து கண் வீங்கிப்போய், அன்றைக்குத்தான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டீர்கள். விடிந்ததும் மோட்டார் ரூமுக்குப் போய் சுவிட்சை அணைப்பது உங்கள் வேலை. ஒருநாளும் தவறியதில்லை. நீங்கள் எழுந்திருக்காததை நானும் கவனிக்கவில்லை. பக்கத்தில் பார்த்தேன், வாலுவைக் காணோம். பின்கதவு திறந்து கிடந்தது. ஆட்டுக்குட்டியைத் தேடிப் போயிருக்கிறாள்.

ஓடினேன். பனியில் அவளுடைய மஞ்சள் சட்டைதான் முதலில் தெரிந்தது. வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வயசுப் பிள்ளை, ஜன்னல் கம்பியைப் பிடித்து வேடிக்கை பார்க்கிற மாதிரி. என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்து, “சத்தம் போடாதம்மா, யானை தூங்குது” என்றாள்.

அந்தப் பக்கம் அது கிடந்தது, வயிற்றோரம் அதன் குட்டி நின்றது. அதன் உடம்புக்கு அடியில் வேலி சாய்ந்து கிடந்தது. பிறகு மோட்டார் ரூமில் பார்த்தேன், ஃபியூஸ் கருகியிருந்தது. யானை விழுந்த வேகத்தில் மின்சாரம் போயிருக்கிறது. அதனால்தான் அவள் கையில் அது வெறும் கம்பி. அரை மணி நேரமா, பத்து நிமிஷமா, எவ்வளவு முன்னால் அது வந்து விழுந்தது என்று தெரியாது. அது வராமல் இருந்திருந்தால், அல்லது வாலு முதலில் வந்திருந்தால், அங்கே கிடந்திருப்பது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் போட்டுப் போர்த்திவிட்டேன். அவளுக்கு அது கனவு மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். எழுந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. உங்களை எழுப்பும்போது ‘யானை விழுந்துவிட்டது’ என்று மட்டும்தான் என் வாயில் வந்தது.

உங்களிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் வந்தேன். அன்று மதியம். வாசலில் கூட்டம். மின்னல் அடித்தது என்று எல்லாரிடமும் நீங்கள் சொல்லிவிட்டிருந்தீர்கள். நான் மோட்டார் ரூமுக்கு வந்தபோது நீங்கள் குனிந்து புதுக் கம்பியை முழம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “இந்தத் தடவ ரெண்டு சுத்து போடணும்” என்றீர்கள். எண்ணிக்கை தவறித் தவறி மறுபடி முதலிலிருந்து முழம் போட்டீர்கள். இரண்டு வெள்ளாமையை யானைக்குப் பறிகொடுத்தவர், வாரக்கணக்காகத் தூங்காதவர். அந்தக் கையைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அந்த இடத்திலேயே நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று பயம். சொல்லாவிட்டால் இன்னொரு பனிக்காலை வரும் என்று அதைவிடப் பயம். சரகர் தண்ணீர் கேட்டு வந்தார். சொம்பைக் கொடுத்துவிட்டு, மோட்டார் ரூம் பக்கம் கையை நீட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் யார் காட்டியது என்று எங்கேயும் எழுதவில்லை.

மில் அண்ணன் தன் வீட்டுப் பின்வாசலிலிருந்து அதைப் பார்த்திருக்கிறார். பழி தன்மேல் விழுந்தபோது வாயைத் திறக்கவில்லை. பாதித் தெரு ஒரு வருஷம் அவர் மில்லுக்குத் தானியம் கொண்டுபோகவில்லை, அப்போதும் பேசவில்லை. இன்று காலை போய், எழுதப்போகிறேன் என்று சொன்னேன். புருவம் முழுக்க மாவோடு நின்றுகொண்டிருந்தார். “எழுதித்தான் ஆகணுமா தங்கச்சி? நான் சொன்னேன்னு நெனச்சா என்மேல கோபத்தோட வருவான். வந்து நாலு அடி அடிப்பான், முடிஞ்சது. நீ சொன்னேன்னு தெரிஞ்சா அவன் யாரை நம்பி வெளிய வருவான்?” என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தினமும் கிடங்கில் உட்கார்ந்து ‘அந்தப் பக்கம் போகாதீர்கள்’ என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன். ஒரே ஒரு நாள், ஒரே ஓர் ஆளிடம் சொல்லத் தெரியாமல் போய்விட்டது. இரண்டு வருஷமாக நீங்கள் படுத்திருக்கும் தரையை நினைக்காமல் நான் பாயில் படுத்ததில்லை. செய்தது தப்பா என்று கேட்டால், உங்களைக் காட்டிக்கொடுத்தது தப்பு. கையை நீட்டியது தப்பில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மில் அண்ணனை விட்டுவிடுங்கள். கோபம் இருந்தால் அதற்கு உரிய ஆள் நான்.

உங்கள்,
வாலுவின் அம்மா


செவ்வாய்க்கிழமை, அதிகாலை

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

மூன்று வாரமாகும் பதில் எட்டே நாளில், நேற்று, வந்துவிட்டது. ஐயா தாமதிக்காமல் அனுப்பியிருக்க வேண்டும். அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

உறையைக் கிடங்கில் வைத்துப் பிரித்தேன். நான்கு பக்கம் இருக்கும், திட்டி எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரே ஒரு வரி. ‘அன்று அவள் காலில் செருப்பு இருந்ததா?’ அதற்குக் கீழே இருந்த இடமெல்லாம் காலி. அந்தக் காலி இடத்தை நான் வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தேன்.

இல்லை. செருப்பு இல்லை. வெறுங்கால். கீழே புல் முழுக்க ஈரம்.

பொய் சொல்லியிருக்கலாம். நமக்குள் இனி அது வேண்டாம்.

எழுதிவிட்டேன், ஆனால் நீங்கள் அங்கே அந்த அறையில் இதைத் தனியாகப் படிக்கப்போகிறீர்கள் என்பதுதான் தாங்கவில்லை. அதனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். இப்போது அவள் என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். ஒரு காலைத் தூக்கி என் மடியில் போட்டிருக்கிறாள். தூக்கத்திலும் ஏதோ முணுமுணுக்கிறாள். உள்ளங்கை சூடாக இருக்கிறது. தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கும்போதும் அப்படித்தான் இருப்பாள். உங்கள் தூக்கம் கெடும்போதெல்லாம் இந்தப் பத்தியை மட்டும் எடுத்துப் படியுங்கள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை உங்களை விடுவார்கள். மில் அண்ணன் வண்டி எடுத்து வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாலுவையும் கூட்டி வரவில்லை. அவள் பார்ப்பதற்கு முன்னால் நீங்களும் நானும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். வீட்டுக்கு நான்கு மணி நேரப் பயணம். நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மன்னித்தேன் என்றும் சொல்ல வேண்டாம், மாட்டேன் என்றும் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையாகப் பார்த்து, ஜன்னலோரத்தை உங்களுக்கு விட்டு உட்காருவேன். மற்ற இருக்கைகளும் காலியாகத்தான் இருக்கும், அந்த நேரத்துப் பஸ்ஸில் கூட்டம் இருக்காது.

என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

உங்கள்,
வாலுவின் அம்மா